குருவி விழும் ஊர்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டின் பால்கனிக்குக் காகங்கள் மட்டும்தான் வரும். மச்சாள் வந்து சேரும்வரை அது எனக்கு ஒரு குறையாகத் தெரியவில்லை.

மாமா மலைநாட்டில் வாத்தியார். ஒரு மழைக்காலத்தில் அவருடைய மகள், என் மச்சாள், மட்டும் பாடசாலைப் பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவளுக்கும் என் வயதுதான். இனி இங்கேதான் படிக்கப் போகிறாள், மாமாவும் மாமியும் பிறகு வருவார்கள் என்றார் அம்மா. அன்றே அம்மாவின் பக்கத்தில் நான் படுக்கும் இடம் அவளுக்குப் போனது. பொரித்த மீனின் நடுத்துண்டும் போனது.

போதாததற்கு அவளிடம் ஒரு கதையும் இருந்தது. பனிமூட்டம் இறங்கும் இரவுகளில் அவளுடைய ஊரில் குருவிகள் வழிதவறி, வீட்டு விளக்குகளைத் தேடி வந்து முற்றத்தில் விழுமாம். பச்சையும் நீலமுமாக, கைக்குள் அடங்குமாம். விடிந்ததும் பறக்க விடுவார்களாம். வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் அவளை இருத்திவைத்து இதையே கேட்டார்கள். எங்கள் காகங்களை ஒருவராவது விசாரிக்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

நானும் குருவி விழுத்தத் தீர்மானித்தேன். வெளிச்சத்துக்கு அப்பாவின் டோர்ச் இருந்தது. பனிக்கு எங்கே போவது? வெள்ளிக்கிழமை மாலை சாம்பிராணித் தட்டைப் பால்கனிக்குக் கொண்டுபோய், டப்பாவில் இருந்தது முழுவதையும் தணலில் கொட்டினேன். குருவி வரவில்லை. கீழ்வீட்டு அங்கிள்தான் நெருப்பென்று நினைத்து வாளித் தண்ணீரோடு ஓடி வந்தார். அம்மா என் காதைப் பிடித்துத் திருகினார்.

மச்சாள் நனைந்து கிடந்த டோர்ச்சை எடுத்து அணைத்தாள்.

"எங்கட ஊரிலையும் இப்ப குருவி விழாது," என்றாள்.

"ஏன்?"

"அங்க இப்ப லைட் இல்லை."

அம்மா என் காதை விட்டுவிட்டு அவளை இழுத்துக் கட்டிக்கொண்டார். குற்றம் செய்தவன் நான், கொஞ்சல் அவளுக்கா என்று அதற்கும் எனக்குப் பொறாமை.

மலை சரிந்து, மாமாவும் மாமியும் இருந்த வீட்டோடு அந்த ஊரே மண்ணுக்குள் போய்விட்டதென்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. அந்த நாட்களில் கொழும்பிலும் அடிக்கடி மின்வெட்டு. அங்கேயும் அதுதான் என்று நினைத்தேன். இனி அவளுக்கும் காகம்தான். அவள் வந்த பிறகு அன்றுதான் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.