வெள்ளிக்கிழமை நின்ற சங்கிலி

பொதுமக்களிடமிருந்து வரும் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியாவிட்டால், கிடைத்தது என்றாவது அறிவிக்க வேண்டும். அரச சேவையில் இதற்குச் சுற்றறிக்கை உண்டு. ஓய்வுபெறும் வரை பிரதேச செயலகத்தில் அதைப் பலருக்கும் வாசித்துக் காட்டியிருக்கிறேன். என் மகள் வேலை கேட்டிருந்த வெளிநாட்டுக் கம்பனி அதை வாசித்திருக்க நியாயமில்லை.

மகள் கொழும்பில் கணனி வேலை பார்த்தவள். பிள்ளைப்பேற்றுக்குக் கல்முனைக்கு வந்தவள், பிறகு எங்களோடுதான் இருக்கிறாள். மருமகன் கட்டாரில். பழைய கம்பனி அவளைத் திரும்பக் கூப்பிட்டது. போனால் தாய் கொழும்பில், பிள்ளை எங்களிடம். வெளிநாட்டுக் கம்பனியின் வேலையை வீட்டிலிருந்தே செய்யலாம். ஆனால் அதற்கு முதலில் ஒரு சோதனையில் தேற வேண்டும். நான்கு கணனிகள் சேர்ந்து நடத்தும், வெளியார் நுழைய முடியாத பிளொக்செயின் வலையமைப்பு ஒன்றைப் பரீட்சார்த்தமாக அமைக்க வேண்டும். ஒரு கணனி விழுந்தாலும் அது நிற்கக் கூடாது. ஒரு வாரம் ஓடவிட்டு அறிக்கை அனுப்ப வேண்டும்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை என்பதை என் முகத்திலிருந்தே அவள் கண்டுகொண்டாள்.

"வாப்பா, கூட்டம் தொடங்கினா முதல் என்ன செய்வீங்க?"

"போன கூட்டறிக்கையை வாசிச்சி உறுதிப்படுத்துவம்."

"அதுதான் இது. பதிவெல்லாம் கட்டுக் கட்டா, சங்கிலி மாதிரி. ஒவ்வொரு கட்டும் முந்தின கட்டை உறுதிப்படுத்தித்தான் தொடங்கும். பின்னுக்குப் போய் ஒருத்தரும் அழிச்சி எழுத ஏலா."

"அப்ப எங்கட செயலகக் கந்தோருக்கு இது சரிவராது."

"நாலு பேரில மூணு பேர் ஓம் என்டாத்தான் அடுத்த கட்டு."

"கோரம். கூட்டம் நடக்க வேண்டிய ஆகக் குறைஞ்ச ஆள் தொகை."

"கோரம்தான் வாப்பா. இவ்வளவுதான் விசயம்."

அதை ஒவ்வொரு கணனியிலும் கொன்டெய்னரில் போட்டு ஓட்ட வேண்டும் என்றாள். கொன்டெய்னர் என்றதும் துறைமுகத்தில் அடுக்கியிருப்பதைத்தான் நினைத்தேன். அதுவும் எனக்குத் தெரிந்த சங்கதியாகவே முடிந்தது. தேர்தல் கடமைக்குப் போகிறவருக்கு வாக்குப் பெட்டியோடு அரக்கு, நூல், பேனை, மெழுகுதிரி எல்லாவற்றையும் ஒரே பொதியாகக் கட்டிக் கொடுப்போம். போய் இறங்கும் பள்ளிக்கூடத்தில் ஒரு குண்டூசிகூடக் கேட்க வேண்டியதில்லை. கொன்டெய்னரும் அப்படியான பொதிதான். வேலை செய்யும் நிரலும் அதற்குத் தேவையான சகலதும் உள்ளே இருக்கும். எந்தக் கணனியில் அவிழ்த்தாலும் ஒரே மாதிரி ஓடும்.

நான்கு பொதிகளையும் தன் மடிக்கணனியிலேயே அவிழ்க்கலாம் என்றாள். நான் ஆட்சேபித்தேன். நான்கு உறுப்பினரையும் ஒரே கதிரையில் இருத்திவிட்டுக் கோரம் இருக்கிறது என்று எழுத முடியுமா? அவள் சிரித்தாள். ஆனால் ஏற்றுக்கொண்டாள். ஒன்று அவளுடைய மடிக்கணனியில், இன்னொன்று என் பழைய கணனியில். மூன்றாவது மருதமுனையில் சாரமும் சேலையும் விற்கும் என் சகலனின் கடையில். நான்காவது பாலமுனையில் மச்சானின் ஹாட்வெயார் கடையில். இரண்டு பேரும் என்ன ஏது என்று விசாரிக்காமல் பில் போடும் கணனியை விட்டுக் கொடுத்தார்கள். ஓர் அரச திணைக்களத்தில் இதற்கு அனுமதி கேட்டிருந்தால் பேத்தி பல்கலைக்கழகம் போயிருப்பாள்.

கடை பூட்டும்போது மெயின் சுவிச்சை இறக்குவது இருவருக்கும் பழக்கம். ஆகவே ஓர் அறிவித்தல் எழுதி இரண்டு சுவிச்சுக்கும் மேலே ஒட்டினேன். "இரவு வேளையில் மின்னிணைப்பைத் துண்டித்தல் ஆகாது." என் வாழ்நாளில் இவ்வளவு ஒழுங்காக மதிக்கப்பட்ட அறிவித்தல் வேறில்லை. ஓர் இரவும் சுவிச் இறங்கவில்லை. சங்கிலி ஓடிக்கொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை நான் ஜும்ஆ தொழுதுவிட்டு வந்தபோது மகள் திரையைப் பார்த்தபடி கன்னத்தில் கை வைத்திருந்தாள். சங்கிலி நின்றிருந்தது. இரண்டு கடைகளும் ஒரே நேரத்தில் விழுந்திருந்தன. நாலில் இரண்டு. கோரம் இல்லை.

மச்சானுக்கு அழைத்தேன்.

"சுவிச்சை இறக்கினீங்களா?"

"ஓம். ஜும்ஆக்குப் பூட்டக்குள்ள இறக்கினதான்."

"அறிவித்தலைப் பார்க்கல்லயா?"

"பார்க்காம என்ன. ராவைக்கு என்டுதானே போட்டிருந்தீங்க. இது பகல்."

நான் வரைந்த வாசகத்தில் பிழை பிடித்த முதல் ஆள் என் மச்சான். சகலனும் அதே பதிலைத்தான் சொன்னான்.

அறிவித்தலைத் திருத்துகிறேன் என்றேன். மகள் மறுத்துத் தலையாட்டினாள். "பிழை சுவிச்சில இல்ல வாப்பா. ரெண்டு கடையும் ஒரே காரணத்துக்குத்தான் பூட்டும். ஜும்ஆ என்டாலும் பெருநாள் என்டாலும் மையித்து அடக்கப் போறது என்டாலும் ஒண்டாத்தான் பூட்டும். எங்களோட சேர்ந்து பூட்டாத ஆள் ஒருத்தர் வேணும்."

எனக்கு ஒரே ஒரு ஆள்தான் நினைவுக்கு வந்தார். சொறிக்கல்முனைக்காரர், கத்தோலிக்கர், என்னிடம் எழுத்தர்களுக்குத் தலைவரான பிரதம லிகிதராக இருந்தவர். யார் எதைக் கேட்டு வந்தாலும் "எழுத்தில் தாருங்கள்" என்று நான் சொல்லி அனுப்புவதை ஆண்டுக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர். ஓய்வுக்குப் பிறகு நாங்கள் சந்தித்ததெல்லாம் சாவீடுகளில்தான். அழைத்து, வெட்கத்தை விட்டு விசயத்தைச் சொன்னேன்.

"எழுத்தில தாங்க சேர். பரிசீலிப்பம்."

"புள்ளட தொழில் விசயம்."

"மூண்டு பிரதி வேணும். சான்றுப்படுத்தி." பிறகு அடக்கமாட்டாமல் சிரித்தார். "இப்பவே வாங்க. சோறு வெச்சிருக்கு. ஞாயிறு காலம கோயிலுக்குப் போகக்குள்ள நான் மெயினை நிப்பாட்டிப்போட்டுத்தான் போவன். அது பரவாயில்லயா?"

"ஓம் அங்கிள்," என்று ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த மகள் சத்தமாகச் சொன்னாள். "நீங்க ஒருத்தர் விழுந்தாப் பரவாயில்ல."

"பார்த்தீங்களா சேர், என்னை விழுத்தியே போட்டா."

மருதமுனைப் பொதி அன்று பின்னேரமே சொறிக்கல்முனைக்குப் போனது. அந்த வாரத்தை மகள் முதலிலிருந்து தொடங்கினாள். ஞாயிறு காலையில் அவருடைய கணனி அணைந்தது, மற்ற மூன்றும் நடத்தின. அடுத்த ஜும்ஆவுக்கு மச்சான், வழக்கம் மாறாமல், சுவிச்சை இறக்கினான். சங்கிலி நிற்கவில்லை. பள்ளியிலிருந்து வந்து செருப்பைக் கழற்ற முதலே கேட்டேன். "ஓடுது வாப்பா" என்றாள்.

அறிக்கையில் முதல் வெள்ளிக்கிழமை நின்ற கதையை எழுத வேண்டாம் என்றேன். கூட்டறிக்கையில் ஏறாதது நடக்காதது. நான் பழகிய சேவை அது. அவள் கேட்கவில்லை. ஏன் நின்றது, யாரால் திரும்ப ஓடியது என்று ஒரு பந்தி எழுதித்தான் அனுப்பினாள்.

பிறகு கம்பனியிடமிருந்து ஒரு வரியும் இல்லை. சுற்றறிக்கை அனுமதிக்கும் காலமெல்லாம் கடந்தது. ஞாபகமூட்டல் ஒன்று வரைந்து கொடுத்தேன். மகள் அதை அனுப்பவில்லை. பழைய கம்பனி கடைசித் தவணை கொடுத்திருந்தது. மனைவி பேத்தியைத் தாயில்லாமல் படுக்கப் பழக்கத் தொடங்கியிருந்தாள்.

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் தலைப்பிறை கண்ட செய்தி சொல்லிக்கொண்டிருக்கும்போது மகள் அடுப்படியிலிருந்து போனோடு ஓடி வந்தாள். வேலை கிடைத்துவிட்டது. மற்றவர்கள் எல்லோரும் நிற்கவேயில்லை என்று எழுதினார்கள், நின்ற காரணத்தை எழுதியது நீங்கள் மட்டும்தான் என்று போட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை பகலில் உங்களுக்குக் கூட்டம் வைக்காமல் விடலாமா என்றும் கேட்டிருந்தார்கள்.

சொறிக்கல்முனைக்கு அழைத்துச் சொன்னேன். "எழுத்தில அறிவிக்கவும் சேர்" என்றார்.

அப்படியே அறிவித்தேன். சான்றுப்படுத்தி, மூன்று பிரதியில்: ஒன்று அவருக்கு, ஒன்று மச்சானுக்கு, ஒன்று சகலனுக்கு. "தங்கள் உதவிக்கு நாம் என்றும் கடமைப்பட்டுள்ளோம். பதில் கிடைத்த திகதி: ரமழான் பிறை ஒன்று."