கால் தெரியும்படி ஒரு படம்

கம்பெனிக்காரர்கள் எடுத்த எங்கள் குடும்பப் படத்தில் நான் இல்லை. அப்பா, அம்மா, அக்கா மூவரும் தாமரைக் குளம் வரைந்த திரைக்கு முன்னால் விறைப்பாக நிற்கிறார்கள். அக்காவின் சடையை முன்பக்கம் எடுத்துப் போட்டது அம்மாவின் வேலையாகத்தான் இருக்கும். அந்த நேரத்தில் நான் பக்கத்து வீட்டு அத்தையின் சமையலறையில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தேன்.

அறுபதுகளின் கடைசி அது. நாங்கள் ஓசூர் பக்கம் மத்திகிரியில் வாடகைக்குக் குடியிருந்தோம். அப்பாவுக்கு எல்லைக்கு அந்தப் பக்கம், மைசூர் ராஜ்யத்தில், செம்புக் கம்பி இழுக்கும் தொழிற்சாலையில் வேலை. அவருக்கு வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, வேலையில் கன்னடம். கோபம் வந்தால் மூன்றும் கலந்து வரும்.

அந்தத் தொழிற்சாலையில் புதிதாக வைத்தியக் காப்பீடு ஒன்றைத் தொடங்கினார்கள். மாதச் சம்பளத்தில் கொஞ்சம் பிடித்துக்கொள்வார்கள். தொழிலாளிக்கோ மனைவி மக்களுக்கோ நோய் வந்தால் கம்பெனி டாக்டர் பார்ப்பார், மருந்தும் கம்பெனியே கொடுக்கும். ஆள்மாறாட்டம் செய்துவிடக் கூடாதே என்று குடும்பம் குடும்பமாகப் படம் எடுத்து கார்டில் ஒட்டினார்கள். படம் இலவசம். ஸ்டுடியோ பக்கம் தலைவைத்துப் படுக்காத எங்களைப் போன்றவர்கள் விடுவார்களா? ஆளுக்கு இன்னொரு பிரதி கேட்டு வாங்கிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பதும் அந்தப் படத்தைத்தான்.

அக்காவுக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கோ இரண்டு வயதில் வந்த போலியோவில் வலது கால் சூம்பிப் போயிருந்தது. அதனால்தான் வேர்க்கடலை.

அம்மாவை வில்லியாக்க நான் இதை எழுதவில்லை. அந்தக் காலத்தில் எல்லோரும் செய்ததைத்தான் அவளும் செய்தாள். வரன் வீட்டார் வரும் நாளில் என்னை இடுப்பில் தூக்கிப்போய் அத்தை வீட்டில் விட்டுவிட்டு வந்துதான் காபிக்குத் தண்ணீர் வைப்பாள். எனக்கு ஆத்திரமாக வரும். ஆனால் அத்தை வீட்டில் தின்ன எப்போதும் ஏதாவது இருக்கும் என்பதால் அந்த ஆத்திரம் ரொம்ப நேரம் நிற்காது.

அத்தை என்றால் சொந்த அத்தை இல்லை. தெலுங்கு பேசுகிறவர்கள், மாமாவுக்கும் அதே கம்பெனியில்தான் வேலை. அவர்களுடைய ஒரே மகனுக்குப் பிறவியிலேயே காது சரியாகக் கேட்காது. ஆனால் மறுநாள் அவர்கள் எடுத்த படத்தில் அவன் ஜம்மென்று நடுவில் நிற்கிறான். காது கேட்காதது படத்தில் தெரியாதல்லவா?

அடுத்த கோடையில் என்னைப் பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரும்புப் பட்டை வைத்த ஷூ போட்டால் நடப்பாள், பள்ளிக்கூடத்துக்கும் போகலாம், வளர வளர மாற்ற வேண்டும் என்றார் டாக்டர். அதுவரை நான் தரையில் தேய்த்துக்கொண்டுதான் நகர்ந்தேன். காலிபர் என்ற அந்தச் சாமானை வாங்க எங்களுக்கு வழியில்லை. அப்பா கம்பெனியில் லேபர் ஆபீசரிடம் போய்க் கேட்டார்.

"நோடி, இங்க பாரு, ஜொரம் வந்தா அது நோவு. டாக்டர் பாப்பாரு. இது நோவு இல்லப்பா, ஊனம். நம்ம ரூல்ஸ்ல இல்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டார் அவர்.

காது மிஷின் கேட்டுப் போன மாமாவுக்கும் அதே பதில்தான். ஆண்கள் இருவரும் அதோடு அடங்கிவிட்டார்கள். அம்மாவும் அத்தையும் அடங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் கம்பெனித் தொழிலாளிகள் குடியிருக்கும் வீடுகளுக்கெல்லாம் நடந்தார்கள். முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. அம்மா என் காலைப் பற்றிச் சொன்ன பிறகுதான் ஒவ்வொரு வீட்டிலும் உள்ளறைக் கதவு திறந்தது. வளைந்த பாதத்தோடு ஒரு பெண், தலை நிற்காத ஒரு குழந்தை, கண் தெரியாத ஒரு பையன். நம் வீட்டில் மட்டும்தான் என்று எல்லா வீட்டிலும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

ஷிப்டு மாறும் நேரமாகப் பார்த்து எங்களையெல்லாம் தூக்கிக்கொண்டு கம்பெனி கேட்டுக்குப் போனார்கள். வெளியே வந்த ஆண்களும் கூட நின்றார்கள். ஆபீசர் எங்களை உள்ளே கூப்பிட்டுப் பழைய பாட்டையே பாடினார். அத்தை விடவில்லை.

"ஜொரத்துக்கு மாத்திர குடுக்கறீங்க, சரி சார். ஜொரம் போனப்புறம் புள்ளைய யாரு பாக்கறது?"

ஆபீசர் மானேஜர் அறைக்குள் போய்விட்டு வெகுநேரம் கழித்துத் திரும்பினார். கார்டில் உள்ள பிள்ளைகளைக் கம்பெனி டாக்டர் பார்த்து வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் இந்தச் சாமான்களையும் கம்பெனி வாங்கித் தரும் என்றார். எல்லோருக்கும் உயிர் வந்தது. கார்டுகளைக் காட்டச் சொன்னார். அப்பா எங்களுடையதை நீட்டினார்.

ஆபீசர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இந்தப் பொண்ணு இதுல இல்லியே?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். மாமாவைத் தவிர, பின்னால் நின்றவர்களும் கார்டை நீட்டிய கையை மெல்லப் பின்னுக்கு இழுத்தார்கள். அவர்களுடைய படங்களிலும் அதே குறைதான்.

"யார் வீட்டுக் கொழந்தையோ, எனக்கு எப்படிங்க தெரியும்?" என்றார் அவர்.

அம்மா என்னைத் தூக்கி அவர் மேசைமேல் உட்கார வைத்தாள். "எங்க புள்ளைதாங்க. பெரியவளுக்கு மாப்பிள்ளை பாக்கறோம். கால் தெரிஞ்சா வரன் தட்டிப்போவும்னு நாந்தான் உட்டுட்டு வந்து படம் எடுத்தேன். நான் மறைச்சதுக்கு அவளை இல்லைன்னு சொல்லிடாதீங்க."

நாலு பேருக்கு நடுவில் அம்மா அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்தது. ஆபீசர் கார்டைத் திருப்பிக் கொடுத்தார். "சரிம்மா. புதுசா ஒரு படம் எடுத்துட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார்.

ஓசூரில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனோம். என்னை முக்காலியில் உட்காரவைத்த படக்காரர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே நீட்டினார். "பாப்பாவோட பாவாடைய கொஞ்சம் கீழ இழுத்து உடுங்கம்மா, கால் தெரியுது."

அம்மா அதை முட்டிக்கு மேலே ஏற்றிவிட்டாள். "தெரியட்டும். அதுக்குத்தான் எடுக்கறோம்."

காலிபர் வந்தது. பாரம் என்றால் அப்படியொரு பாரம். எங்கே நடந்தாலும் ஊருக்கே தெரிகிற சத்தம். கால் வளர்ந்து அது பத்தாமல் போனபோது மறுபடியும் ஆபீசரோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. அத்தை மகனின் காது மிஷினை இன்னும் அதிகமாகவே இழுத்தடித்தார்கள்.

அம்மா இந்த முறையும் இன்னொரு பிரதி கேட்டு வாங்கியிருந்தாள். பழைய படத்தைக் கழற்றிவிட்டு அதே ஆணியில் புதியதை மாட்டியவள் அக்கா. அவளை யாரும் மாட்டச் சொல்லவில்லை.

அடுத்து ஒரு வரன் வந்தது. கூடத்தில் பாய் விரித்ததுமே நான் பழக்கத்தில் அத்தை வீட்டுக்குக் கிளம்பினேன். அம்மா தடுத்தாள். "எங்க போற? இரு" என்று சொல்லி பலகாரத் தட்டை என் கையில் கொடுத்தாள். மாப்பிள்ளையின் அம்மா சுவரிலிருந்த படத்தைப் பார்த்தார். அப்புறம் இரும்புச் சத்தத்தோடு வந்துகொண்டிருந்த என்னைப் பார்த்தார்.

"எங்க சின்னவ" என்றாள் அம்மா.

அந்த வரன் தட்டிப்போனது. காரணத்தை அவர்கள் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அக்கா அன்று முழுக்க அழுதாள். என் காலை நானே வெறுத்தேன். ஆனால் படம் ஆணியிலிருந்து இறங்கவில்லை. அதற்கடுத்த வரன் வீட்டார் வந்து உட்கார்ந்தபோது, என்னைக் கூப்பிட்டுப் பலகாரத் தட்டைக் கையில் கொடுத்தவள் அக்கா.