சாய்ந்தமருது ராபிக்காக ஒரு பாடல்

வெயிலில் காய்ந்த "பெட்டரி"யைக் கையில் எடுத்தால், கோழி அடையை விட்டு எழும்பிய உடனே தொட்டுப் பார்க்கும் முட்டையின் சூடு அதில் இருக்கும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், சாய்ந்தமருதின் தெற்கு எல்லையிலிருந்த எங்கள் வீட்டில், கிணற்றடித் தகரத்தின்மேல் பெட்டரிகளைக் காலையில் காயவைத்து மத்தியானம் எடுத்து வானொலிப் பெட்டிக்குள் போடுவது என் வேலை. மின்சாரம் வந்தால் வரும், கடையில் புதுப் பெட்டரி கிடைத்தால் கிடைக்கும். செத்த பெட்டரிக்கு வெயில் கொடுக்கிற உயிர் ஒரு நிகழ்ச்சிக்குத்தான் போதும் என்பதால், அது எந்த நிகழ்ச்சி என்று எங்கள் வீட்டில் நாள்தோறும் சண்டை.

உம்மாவுக்கு மத்தியானத்துப் பழைய பாடல் நேயர் விருப்பம் வேண்டும். என் மூத்த சகோதரியான ராத்தாவுக்குப் பின்னேரத்துப் புதுப் பாடல்கள். ராத்தாவுக்கு அப்போது பதினாறு வயது. பழைய பாடல்களை அவள் "இழுவை" என்பாள். ஒரு வரியைப் பாடி முடிப்பதற்குள் சோறே வெந்துவிடும் என்று முணுமுணுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுவாள். உம்மாவோ அரிசி களைந்தபடி, பாடலைவிடக் கவனமாக, பாடலுக்கு முன் அறிவிப்பாளர் வாசிக்கும் பெயர்களையும் ஊர்களையும் கேட்டுக்கொண்டிருப்பார். அந்தப் பெயர்களுக்காகத்தான் அவர் வானொலி கேட்டார் என்பது அன்று எங்களுக்குத் தெரியாது.

எங்கள் வீட்டுக்கு முன்னாலுள்ள வீதியைத் தாண்டினால் தமிழர் ஊரான காரைதீவு. அந்தப் பக்கத்து முதல் வீடு பரமேஸ்வரி என்ற பெண்ணுடையது. உம்மாவும் அவரும் பாவாடை கட்டிய நாளிலிருந்து கூட்டாளிகள். ராபியா என்ற உம்மாவின் பெயரை "ராபி" என்று சுருக்கியவர் அவர், அவரைப் "பரம்" ஆக்கியது உம்மா. அந்தக் காலத்தில் வானொலி பரம் வீட்டில் மட்டும் இருந்ததாம், இரண்டு பேரும் அதன் முன்னால் இருந்தே பாட்டுகளைப் பாடமாக்கினார்களாம். தொண்ணூறாம் ஆண்டுத் தமிழ், முஸ்லிம் கலவரத்தில் வீதியின் இரண்டு பக்கத்து வீடுகளும் காலியாயின. நாங்கள் கல்முனையில் சொந்தக்காரர் வீட்டில் சில மாதம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தோம். பரம் வீட்டுக்காரர் திரும்பவில்லை. கூரையில்லாத அந்த வீட்டைப் பார்த்தபடிதான் உம்மா தினமும் வாசல் கூட்டினார். பரம் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று கேட்டறியவும் வழியில்லை. வீதியின் நடுவில் முட்கம்பி இருந்தது, அதைவிடப் பெரிய பயம் இரண்டு பக்கத்து ஆட்களின் மனதிலும் இருந்தது.

ஒருநாள் மத்தியானம் பெட்டரி இறங்கி அறிவிப்பாளரின் குரல் கரகரத்துக்கொண்டிருந்தது. அடுத்த பாடலை விரும்பிக் கேட்பவர் திருக்கோவிலிலிருந்து பரம் என்றும், அவர் அதைக் கேட்பது சாய்ந்தமருதிலுள்ள தோழி ராபிக்காக என்றும் அந்தக் குரல் சொன்னது. உம்மாவின் கையிலிருந்த அரிசிச் சட்டி சரிந்தது. "அது நான்தான்" என்று மட்டும் சொன்னார். பாட்டு முடியுமுன் பெட்டரி செத்துப்போனது. ராத்தா அறையிலிருந்து வெளியே வந்து, சத்தமில்லாத பெட்டியையும் உம்மாவின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். அன்று பின்னேரம் அவளுக்குப் புதுப் பாடல் இல்லை, அதற்காக அவள் சண்டை பிடிக்கவுமில்லை.

உம்மா பதிலுக்கு ஒரு பாடல் கேட்டு எழுத நினைத்தார். செய்தி எப்படியோ பெரிய மாமாவின் காதுக்குப் போய்விட்டது. அவர் உம்மாவின் மூத்த சகோதரர், உம்மா "காக்கா" என்று அழைப்பவர், எங்கள் மேல் பாசமானவர். குடும்பத்துப் பெண்ணின் பெயரைச் சினிமாப் பாட்டுக்கு முன்னால் ஊருலகத்துக்கே வாசிப்பதா என்று முதலில் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, இந்தக் காலத்தில் அந்தப் பக்கத்துச் சினேகிதத்தை வானொலியில் சொன்னால் யார் என்ன நினைப்பார்களோ என்றார். இரண்டாவதுதான் அவருடைய உண்மையான பயம்.

"அவள் என்ட பேர மறக்கல்ல காக்கா" என்றார் உம்மா. "நான் பேசாம இருந்தா, மறந்துட்டன் எண்டுதானே நினைப்பாள்."

மாமா எழும்பிப் போய்விட்டார். வாப்பா மாமாவோடு தர்க்கம் செய்யவில்லை. மறுநாள் கடையால் வரும்போது ஒரு தபாலட்டை வாங்கி வந்து உம்மாவின் பக்கத்தில் வைத்தார். அதைத் தபாற்கந்தோருக்குக் கொண்டுபோனது ராத்தா.

அது வாசிக்கப்பட்ட நாளில் எங்கள் பெட்டரி கடைசிவரை தாக்குப்பிடித்தது. ராபி பழைய வீட்டிலேயே இருக்கிறார் என்று அறிவிப்பாளர் சொன்னபோது உம்மா வாசலுக்குப் போய்க் கூரையில்லாத வீட்டைப் பார்த்தார். அடுத்த சில மாதங்கள் அவர் நடந்ததே வேறு மாதிரி. வேலைக்கிடையில் வாய்விட்டுப் பாடினார். பாதை திறந்ததும் பரம் வருவாள், தலைப்பாய்ச் சூரை மீன் வாங்கிக் கறி ஆக்க வேண்டும் என்றார்.

சமாதானப் பேச்சு என்று துவக்குச் சத்தம் கொஞ்சக் காலம் ஓய்ந்திருந்தபோது, ராத்தாவின் வயதில், அடையாளம் தெரியாமல் மாறிப்போன ஒரு பெண் தன் சித்தப்பாவோடு வந்து எங்கள் கடப்படியில் நின்றாள். தங்கள் பழைய வீட்டு வளவைப் பார்க்க வந்ததாகவும், பரமேஸ்வரியின் மகள் செல்வி என்றும் சொன்னாள். உம்மா அவளைத் தாண்டி வீதியைப் பார்த்து, அம்மா எங்கே என்று கேட்டார்.

"அம்மா இல்ல மாமி. பாட்டு எழுதிப்போட முன்னமே காய்ச்சல்ல போயிட்டா. ராபிக்கு ஒரு பாட்டுக் கேட்டு எழுது எண்டு சொன்னவ. நான் அம்மாட பேரிலயே எழுதினன்."

திருக்கோவில் அகதி முகாமில் வானொலி வைத்திருந்த ஒருவர் உம்மாவின் பதிலைக் கேட்டுவந்து சொன்னதால்தான் நாங்கள் பழைய வீட்டிலேயே இருப்பது தெரிந்ததாம். உம்மா அழவில்லை. செல்வியின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்ப் பாயில் இருத்தினார். "அந்தப் பாட்ட அவள் எப்பிடிப் படிப்பாள்? ஒருக்காப் படி மகள்" என்றார்.

செல்வி கூச்சத்தோடு பாடினாள். தம்பியைத் தூங்கவைக்க அம்மா பாடக் கேட்டுப் பழகிய பாட்டு, வானொலியில் அவள் கேட்டதேயில்லை. நிலவை அழைக்கும் இடம் வந்தபோது "இறாலே" என்று பாடினாள். உடனே ராத்தா, "இறாலே இல்ல, நிலவே" என்று திருத்தினாள். எல்லோரும் அவளைப் பார்த்தோம். இழுவை என்று அறைக்குள் போனவள், கதவுக்குப் பின்னால் இருந்து ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறாள்.

உம்மா சிரித்தார். சின்ன வயதில் பரமின் தாய் இறால் உரிக்கும்போது அவரைச் சிரிக்கவைக்க இரண்டு பேரும் சேர்ந்து மாற்றிய சொல்லாம் அது. சொல்லி முடிக்குமுன் சிரிப்பு உடைந்து அழுகையாகிவிட்டது. செல்வி உம்மாவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நாளில் மறுபடியும் சண்டை தொடங்கிப் பாதை மூடிக்கொண்டது. ராத்தா மட்டும் மத்தியானங்களில் உம்மாவின் பக்கத்தில் வந்து இருக்கத் தொடங்கினாள்.

இன்று அந்த வீதியில் கம்பியும் இல்லை, கூரையில்லாத வீடும் இல்லை, இரண்டு பக்கமும் கடைகள். ராத்தா சண்டை பிடித்துக் கேட்ட புதுப் பாடல்கள் என் மகளுக்குப் பழைய பாடல்கள். அவள் காதுக்குள் எதையோ செருகிக்கொண்டு தனக்கு மட்டும் கேட்கிறாள். போன நோன்புப் பெருநாளன்று, பார்வை மங்கிப்போன உம்மாவுக்காக அந்தப் பாடலைக் கைத்தொலைபேசியில் தேடிப் போட்டேன். அறிவிப்பு ஏதுமில்லாமல் எடுத்த எடுப்பில் இசை தொடங்கியது.

"ஆரு கேட்டதாம்?" என்றார் உம்மா.

"நாமதானே கேட்டுட்டு இரிக்கம் உம்மம்மா" என்றாள் என் மகள். கேட்பது என்றால் அவளுக்குக் காதால் கேட்பது மட்டும்தான். ஒருவருக்காக ஒரு பாடலைக் கேட்டு எழுதிப்போட்டு, அவருக்குப் போய்ச் சேர்ந்ததோ இல்லையோ என்று காத்துக்கிடந்த கேட்பு அவளுக்குத் தெரியாது.

"நான்தான் கேட்டன் உம்மா, ஒங்களுக்கு" என்றேன்.

உம்மா தலையை ஆட்டினார். அதன் பிறகுதான் பாட்டைக் கேட்கத் தொடங்கினார்.