சண்முகத்தாய் சொல்ல மறுத்த படம்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் காட்சி பார்க்காவிட்டால் சண்முகத்தாய்க்குத் திங்கட்கிழமை மலையேறக் கால் வராது. போடியில் எந்தப் படம் வந்தாலும் முதல் ஞாயிறே பார்த்துவிடுவாள். சாமி படம், பேய்ப் படம், வெட்டுக்குத்துப் படம் என்ற பேதமெல்லாம் அவளுக்குக் கிடையாது. மறுநாள் காலை ஐந்தரைக்கு ஏலத்தோட்டத்துக்குக் கிளம்பும் சுருளியின் ஜீப்பில், டிரைவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்து கதையை ஆரம்பிப்பாள். போடிமெட்டு செக்போஸ்ட் வருவதற்குள் வில்லன் செத்திருப்பான். அவள் தொண்டையைச் செருமினாலே சுருளி பாட்டை நிறுத்திவிடுவான்.

கதை சொல்வாள் என்பதைவிடப் படத்தோடு சண்டை போடுவாள் என்பதுதான் சரி. "நாப்பது பேர அடிக்கிறான்டி. ஒருத்தன்கூட பின்னாலருந்து வந்து ஒரு சாத்து சாத்த மாட்டேங்குறான். ரேசன் கடையில நிக்கிற மாதிரி வரிசையில நின்னு அடி வாங்கிட்டுப் போறான்க!" போன மாதம் பார்த்த படம் முடிகிற இடத்தில் முடியாமல், மிச்சம் இரண்டாம் பாகத்தில் என்று எழுத்துப் போட்டுவிட்டது. அதற்கு ஒரு வாரம் வைதாள். "பந்தியில உக்கார வச்சு, சாம்பார ஊத்திட்டு, ரசத்துக்கு அடுத்த வருசம் வான்னா அது என்ன விருந்து?" அதற்கும் முந்தைய படத்தில் தேயிலைக் கொழுந்து கிள்ளும் நாயகிக்கு மழையில் கண்மை கலையவில்லை, காலில் ஓர் அட்டைகூட ஏறவில்லை. அதைச் சொன்னபோது ஜீப்பிலிருந்த பெண்கள் எல்லாரும் தங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டார்கள்.

கடைசியில் தீர்ப்புச் சொல்வாள். பிள்ளைகுட்டிகளோடு போகலாம் என்பாள். அல்லது, டிவியில் போடும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பாள். ரொம்ப மோசமென்றால், "அந்த நேரத்துக்கு ரெண்டு வாளித் துணி தொவைக்கலாம்." வாரத்தில் ஒரே ஒரு நாள் லீவு கிடைக்கிற பெண்கள். அந்த நாளை ஒரு வெட்டிப் படத்துக்குப் பறிகொடுக்க முடியுமா? அவள் சொன்னபடியே நடந்தார்கள்.

இந்த ஞாயிறு வந்த படத்துக்கு அவளுடைய தீர்ப்பே தேவையிருக்கவில்லை. போன வருடம் பக்கத்து மலையான குரங்கணியில் எடுத்த படம் அது. இதே ஜீப்பில் வரும் ஆயம்மாளின் கை அதில் நடித்திருந்தது.

ஆயம்மாள் அப்போது ஒரு மாதம் குரங்கணிப் பக்கம் வேலைக்குப் போயிருந்தாள். ஏலக்காய் பறிக்கும் காட்சியில் நாயகியின் கை சரிப்படவில்லை. விரலெல்லாம் நகப்பூச்சு. செடியின் தூரில், தரையோடு படர்ந்த சரத்தில் குனிந்து காய் எடுக்கவும் வரவில்லை. அங்கே நின்ற ஆயம்மாளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். முகம் நாயகியுடையது, கை ஆயம்மாளுடையது. அன்றிலிருந்து ஜீப்பில் அவளுக்கு 'கை நடிகை' என்றே பட்டம். நாலு வருடத்துக்கு முன்னால் இதே மலைப்பாதையில் வேறொரு தோட்டத்து ஜீப் உருண்டு அவள் மகள் வீரலட்சுமி செத்துப்போனாள். அதற்குப் பிறகு ஆயம்மாள் சிரித்துப் பேசிய ஒரே விஷயம் இந்தக் கைதான். அடுத்த ஞாயிறு வீரலட்சுமியின் இரண்டு பெண்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டப்போவதாக எல்லாரிடமும் சொல்லியிருந்தாள்.

சண்முகத்தாய் முதலில் போய்ப் பார்த்தாள். கை வந்தது. திரை முழுக்க வந்தது. காய்க்கறை ஏறிய அந்த விரல்களைப் பார்த்ததும் "எங்க மதினி கை!" என்று பக்கத்துச் சீட்டுக்காரியின் தொடையில் தட்டினாள்.

அடுத்த காட்சியில் ஒரு ஜீப் வந்தது. உள்ளே தோட்டத்துப் பெண்கள். ஒருத்தி மடியில் ஒருத்தி, ஒருத்தியின் தலை வெளியே, இன்னொருத்தி கையில் கோழி. வளைவில் ஜீப் மூன்று குட்டிக்கரணம் போட்டுப் புதரில் விழுந்தது. நாயகனின் கூட்டாளி ஓடிவந்து பெண்களை ஒவ்வொருத்தியாக உருவி வெளியே போட்டு எண்ணினான். ஒன்று, இரண்டு, மூன்று. எடுக்க எடுக்க வந்துகொண்டேயிருந்தார்கள். தியேட்டரும் சேர்ந்து எண்ணியது. சண்முகத்தாயும் சிரித்தாள். ஐந்து வரைக்கும் சிரித்தாள். ஆறாவது பெண்ணின் சேலை கிழிந்து, காலில் ஒரு செருப்பு மட்டும் தொங்கியபோதுதான் அவள் சிரிப்பு நின்றது. வீரலட்சுமியையும் இப்படித்தான் எடுத்துப் போட்டார்கள். இவளும் அன்றைக்குப் போய்ப் பார்த்தவள்.

பதினாறு என்று முடித்தபோது விசில் பறந்தது. அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்து நின்று, "எதுக்குய்யா சிரிக்கிறீங்க? செத்தா சிரிப்பா?" என்று கத்தினாள். யார் காதில் விழுந்தது? பின்னாலிருந்து ஒருவன், "உக்காருக்கா, மறைக்குது" என்றான். தானும் சிரித்தவள்தானே என்ற வெட்கம் அழுத்த, உட்கார்ந்துவிட்டாள்.

திங்கட்கிழமை ஜீப் நகர்ந்து வெகுநேரமாகியும் அவள் வாயைத் திறக்கவில்லை.

"என்னக்கா, தொண்டை கட்டிக்கிருச்சா?" என்றாள் சுகன்யா. காலேஜ் முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் இந்த வருடம்தான் தோட்டத்துக்கு வர ஆரம்பித்தவள்.

"அந்த நேரத்துக்குத் துணி தொவைக்கலாம்."

ஆயம்மாளின் முகம் விழுந்துவிட்டது. "ஏன் தாயி, என் கைய வெட்டிட்டான்களா?"

"கை வந்துச்சு மதினி. நல்லா வந்துச்சு."

"பெறகு என்ன? பிள்ளைககிட்ட சொல்லி வச்சிருக்கேன். மறைக்காமச் சொல்லு."

மறைக்கத்தான் பார்த்தாள். ஆனால் இப்போது சொல்லாவிட்டால் அடுத்த ஞாயிறு அந்தப் பிள்ளைகள் தியேட்டர் சிரிப்புக்கு நடுவே அதைப் பார்க்கும். அதை நினைத்ததும் கோபம் பொங்க, கோழியிலிருந்து விசில் வரைக்கும் சொன்னாள். படம் எடுத்தவனை வைதாள், சிரித்தவர்களை வைதாள், தன்னையும் வைதுகொண்டாள்.

ஆயம்மாள் அழவில்லை. "எத்தன பேருன்னு சொன்ன?" என்று கேட்டாள்.

"பதினாறு."

ஆயம்மாள் திரும்பி எண்ண ஆரம்பித்தாள். எதிர் சீட்டில் ஆறு, இந்தப் பக்கம் ஆறு, நடுவே குத்தவைத்திருந்தவர்கள் மூன்று, முன்னால் சுருளியோடு சேர்த்து நான்கு.

"பத்தொம்போது. அவன் கொறைச்சில்ல காட்டிருக்கான்." பிறகு சண்முகத்தாயைப் பார்த்து, "தியேட்டர்ல சிரிச்சவன வையிற. நாலு வருசமா இதுலதான் ஏறுறோம். நீ கத சொல்ற, நாங்க கேக்குறோம். ஒரு நாளாச்சும் எண்ணிருக்கமா? மகளப் பறிகுடுத்த நானே எண்ணலையே!" என்றாள். "சுருளி, நிப்பாட்டு."

மலையடிவாரத்து முந்தல் தாண்டியிருந்தது. அதற்கு மேல் வளைவுகள் தொடங்கிவிடும். ஜீப் நின்றதும் ஆயம்மாள் இறங்கினாள். சண்முகத்தாயும் இறங்கினாள்.

"அக்கா, வெரசா ஏறுங்க. ஒரு ட்ரிப்புக்குத்தான் டீசல் தர்றாங்க. என் சோலிக்கு ஒல வச்சிராதீங்க" என்று சுருளி கெஞ்சினான்.

"உன்னைச் சொல்லலப்பு. சூப்பர்வைசருக்குப் போனப் போடு." மணி அடித்ததும் ஆயம்மாள் போனை வாங்கிச் சண்முகத்தாயின் கையில் திணித்தாள். "எனக்குக் கோர்வையாப் பேச வராது. நீ சொல்லு."

சண்முகத்தாய் போனைக் காதில் வைத்தாள். சூப்பர்வைசர் ஒரு வார்த்தை சொன்னால் நாளைக்கு வேலையில்லை. என்றாலும் நேற்று தியேட்டர் இருட்டில் விழுங்கிய கோபம் இன்னும் நெஞ்சில்தான் நின்றது. "சார், நான் காய் எடுக்குற சண்முகத்தாய் பேசுறேன். வண்டியில பத்தொம்போது பேரு இருக்கோம். பாதிப் பேரு இறங்கி நிக்கிறோம். ரெண்டாவது ட்ரிப்பு விட்டாத்தான் மலையேறுவோம்."

அவள் அதைச் சொல்லும்போது ஜீப்பில் இரண்டு பேர்தான் குறைந்திருந்தார்கள். பாதி என்றதைக் கேட்டுச் சுகன்யா குதித்தாள். அவளுக்குப் பின்னால் நடுவில் இருந்த மூன்று பேரும், பிறகு இன்னும் நான்கு பேரும் ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள்.

"இத்தனை வருசம் இல்லாதது இன்னைக்கு என்ன புதுசா?" என்று போனில் சத்தம் கேட்டது. "படத்தக் கிடத்தப் பாத்துட்டு வந்து என்கிட்ட சட்டம் பேசுறியா?"

"ஆமா சார், படம் பாத்துட்டுத்தான் பேசுறேன்" என்றாள் சண்முகத்தாய். "போடியிலதான் ஓடுது. நீங்களும் போயிப் பாருங்க. பதினாறு பேர ஏத்துனதுக்கே தியேட்டரு வயித்தப் பிடிச்சிக்கிட்டுச் சிரிக்குது."

"சரி, சுருளிகிட்ட போனக் குடு. ரெண்டாவது ட்ரிப்புக்கு டீசல் போடச் சொல்றேன்" என்றார் சூப்பர்வைசர்.