ஒரு கேக்கும் பதினாறு வீடும்

ஒரு கிலோ கேக்கை நாற்பது பேருக்கு எப்படி வெட்டுவது? தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், என் தம்பி வீட்டுச் சமையலறையில் கத்தியும் கையுமாக நின்று நான் போட்டுக்கொண்டிருந்த கணக்கு அதுதான். ஹாலில் கால் வைக்க இடமில்லை. பட்டுப்புடவை, மல்லிகைப்பூ, பவுடர் வாசனை. பெட்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு பிறந்தநாள் பெண். பால்கனியில் என் தம்பி, பேயறைந்த மாதிரி.

எல்லாம் ஜெர்மனி செய்த வேலை.

தம்பி குமரன், அவன் மனைவி சுபா, மகள் இனியா. மூவரும் ஆபீஸ் வேலையாக நாலு வருஷம் ஸ்டுட்கார்ட் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் இருந்துவிட்டு, இந்தக் கோடையில்தான் திரும்பி வந்தார்கள். கள்ளிக்குப்பத்தில் எங்கள் அபார்ட்மென்ட்டிலேயே மூணாவது மாடியில் வீடு. நான் முதல் மாடி. மொத்தம் பதினாறு குடும்பம். "உன் பக்கத்துல இருக்கணும்னுதான்க்கா வந்தோம்" என்றான். லிஃப்ட் வேலை செய்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் அதையும் சொன்னான்!

ஆள் வந்து சேர்ந்துவிட்டான். பழக்கம்தான் இன்னும் வரவில்லை.

ஒருநாள் அம்பத்தூர் ஓ.டி.யில் ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தான். வண்டிகள் நின்று வழிவிடும் என்று காத்திருக்கிறானாம். நான் மார்க்கெட்டுக்குள் போய், பேரம் பேசி, கத்தரிக்காயும் கீரையும் வாங்கிக்கொண்டு திரும்பினால்... அதே இடத்தில் அப்படியே நிற்கிறான். கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு கடந்தேன். "அக்கா, சிவப்பு விளக்குக்கா!" என்று அலறுகிறான். இங்கேயே பிறந்து, இங்கேயே ஃபுட்போர்டில் தொங்கி காலேஜுக்குப் போனவன். நாலு வருஷத்தில் ஒரு மனுஷன் இவ்வளவு கெட்டுப்போக முடியுமா?

சுபா இன்னும் ஒரு படி மேலே. ஞாயிற்றுக்கிழமை மிக்ஸி போட மாட்டாள். அங்கே ஞாயிற்றுக்கிழமை சத்தம் வந்தால் பக்கத்து வீட்டுக்காரர் வந்து நிற்பாராம். இங்கே எதிர் ஃபிளாட்காரர் சுவரில் துளை போடுவதே ஞாயிற்றுக்கிழமைதான். அவள் பாவம், சனிக்கிழமையே சட்னி அரைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுவாள்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சமாச்சாரம். இனியா விஷயம்தான் சிரிப்பாக இல்லை.

ஐந்து வயதில் போன குழந்தை. இப்போது ஒன்பது ஆகிறது. தினமும் சாயங்காலம் கீழே பிள்ளைகள் கூட்டமாகக் கத்தி விளையாடும். இவள் மூணாவது மாடி பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நிற்பாள்.

"கீழ போய் விளையாடேன்டி" என்றேன்.

"அவங்க என்னைக் கூப்பிடலையே அத்தை!"

அந்த ஊரில் விளையாட்டுக்கும் தேதி உண்டாம். இரண்டு அம்மாக்கள் பேசி, அடுத்த வியாழக்கிழமை மூணு முதல் ஐந்து என்று முடிவு செய்வார்கள். குழந்தை சரியாக மூணுக்குப் போகும், ஐந்துக்குத் திரும்பிவிடும். இனியா அந்த அழைப்புக்குத்தான் காத்திருந்தாள். கீழே இருந்த பிள்ளைகளோ, 'ஃபாரின் பொண்ணு, நம்மகூட எல்லாம் சேராது' என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

வந்து மாதக்கணக்காகிவிட்டது. "எனக்கு இந்த ஊர்ல யாருமே இல்லம்மா... திரும்பப் போயிடலாம்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள். பார்த்தால், குமரன் ஆபீஸிலும் அதே கேள்வி. இன்னும் இரண்டு வருஷம் அதே ஊருக்குப் போக முடியுமா? திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"அவ முகத்தைப் பார்க்க முடியல அண்ணி. போயிடலாம்னுதான் தோணுது" என்று சுபா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இப்போதுதான் வந்தான். வந்த சூட்டோடு மறுபடி ஏர்போர்ட்டா? போகாதே என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் அந்தக் குழந்தை பால்கனியில் நிற்பதைப் பார்த்தால் எந்த வாயால் சொல்வது?

கடைசி முயற்சி, அவள் பிறந்தநாள். ஞாயிற்றுக்கிழமை விழுந்தது. எத்தனை வயதோ அத்தனை விருந்தாளி என்பது அந்த ஊர்க் கணக்காம். வகுப்பில் ஒன்பது பேருக்கு வாட்ஸப்பில் அழைப்பு போயிற்று. 'மாலை நாலு முதல் ஆறரை வரை.' முடிகிற நேரம் போட்ட அழைப்பை என் வாழ்நாளில் முதல் தடவையாகப் பார்த்தேன். நம் ஊரில் வந்தவரிடம் எப்போது கிளம்புவீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்... தலைமுறைப் பகை!

அந்தச் சனிக்கிழமை நான் ஊரில் இல்லை. கொழுந்தனார் திருநின்றவூரில் வாடகைக்குப் புது வீடு பார்த்துப் பால் காய்ச்சினார், போயிருந்தேன். அதனால்தான் தப்பு நடந்துவிட்டது. நான் மட்டும் இருந்திருந்தால் தடுத்திருப்பேன்.

ஞாயிறு மதியம் திரும்பி வந்தால், கேட்டிலேயே கன்னியம்மா பிடித்துக்கொண்டாள். தரைத்தளத்து வீடு. புருஷன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அவள் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு ரெடிமேட் கம்பெனியில் தையல்.

"யக்கா, உன் தம்பி கலக்கிட்டாருக்கா! புருசனும் பொஞ்சாதியுமா ஊடு ஊடா வந்து சொல்லிகினு போனாங்க. இத்தினி மாசமா ஒரு வார்த்த பேசலியேன்னு நென்ச்சேன். இன்னா மருவாதி, இன்னா மருவாதி! பச்சப் பொடவ கட்டவா, செகப்பு கட்டவா?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பரவாயில்லையே, தம்பிக்குப் புத்தி வந்துவிட்டதே! சிவப்பைக் கட்டச் சொல்லிவிட்டு மேலே போனேன்.

நாலு மணிக்கு அவன் வீட்டுக்குள் நுழைந்தால்... ஒரு கேக். ஒரு பாத்திரத்தில் பாஸ்தா. ஒன்பது காகிதத் தட்டு. அவ்வளவுதான்.

"சாப்பாடெல்லாம் எங்கடா? வெளிய சொல்லியிருக்கியா?"

"எதுக்குக்கா? ஒன்பது பசங்கதானே."

"பில்டிங் முழுக்கக் கூப்பிட்டியே?"

"கூப்பிடலையே! மன்னிப்புதான் கேட்டோம்."

உட்கார்ந்துவிட்டேன்.

"அங்க பார்ட்டின்னா முன்னாடியே பக்கத்து வீடுகளுக்குச் சொல்லிடணும்க்கா. சத்தம் வரும், பொறுத்துக்கோங்கன்னு. அதான் நேத்து நானும் சுபாவும் ஒவ்வொரு வீடாப் போனோம். சும்மா கைய வீசிக்கிட்டுப் போகக் கூடாதுன்னு சாக்லேட் கொடுத்தோம். ஞாயித்துக்கிழமை நாலு மணிக்குப் பொண்ணுக்குப் பிறந்தநாள், தப்பா எடுத்துக்காதீங்கன்னோம். எல்லாரும் எவ்வளவு நல்லவங்க தெரியுமா? ஒருத்தர்கூட முகம் சுளிக்கல. 'ஜமாய்ச்சுடலாம் தம்பி'ன்னாங்க!"

நீங்களே சொல்லுங்கள். புருஷனும் பெண்டாட்டியும் ஜோடியாக வாசலில் வந்து நிற்கிறார்கள். கையில் இனிப்பு. நாள் சொல்கிறார்கள், நேரம் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் இதற்கு இரண்டு அர்த்தம் உண்டா? கூடவே தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்றால், பத்திரிகை அடிக்காமல் வாய்வார்த்தையாக அழைக்கிறார்கள், பாவம் என்றுதான் நினைப்பார்கள்.

"அடப்பாவி! அத்தனை பேரும் வரப் போறாங்கடா!"

அவன் முகம் வெளுத்தது. ஆனால் அதைப் பேசி முடிப்பதற்குள் வேறு ஒரு கஷ்டம். நாலேகால் ஆயிற்று, வகுப்புப் பிள்ளைகள் ஒருவரும் வரவில்லை. சுபாவின் போன் மட்டும் டொய்ங் டொய்ங் என்றது. ஒரு குழந்தைக்கு ஜுரம். ஒரு வீட்டில் காதுகுத்து. ஒருவர், பூந்தமல்லியில் மழை, இன்னொரு நாள் பார்க்கலாம் என்றார். மற்றவர்களிடமிருந்து பதிலே இல்லை.

புது ஃபிராக் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்த இனியா, "யாரும் வரமாட்டாங்க. எனக்குத் தெரியும்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை. பெட்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சுபா அந்தக் கதவின் மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

அப்போதுதான் காலிங்பெல் அடித்தது.

கன்னியம்மா! சிவப்புப் பட்டு, தலை நிறையப் பூ. பின்னால் புருஷன், மாமியார், மகள் மோனிஷா, கையில் ஜிகினாத் தாள் சுற்றிய பெட்டி. "இன்னாம்மா, லேட்டாயிட்ச்சா? இவுரு சவாரிய முட்ச்சினு இப்பத்தான் வந்தாரு. எங்க பொறந்தநாள் பாப்பா?"

அவர்களுக்குப் பின்னால் அசோசியேஷன் செகரட்டரி சங்கரலிங்கம் சார், திருநெல்வேலிக்காரர், இஸ்திரி போட்ட சட்டையில் மனைவியோடு. அவர்களுக்குப் பின்னால் இரண்டாவது மாடி மொத்தமும். லிஃப்ட் மேலே வருவதும் கீழே போவதுமாக ஆட்களைக் கொட்டிக்கொண்டே இருந்தது.

"அண்ணி, ஒன்பது பேருக்குத்தான் பாஸ்தா..." சுபா காகிதத் தட்டுகளை மறுபடி எண்ணினாள். எங்கள் வீட்டுக்காரரைச் சமோசா வாங்க விரட்டினேன். சமையலறைக்குள் எட்டிப் பார்த்த கன்னியம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "ரவ கீதா? நெய்யி? நவுரு, கேசரி கிண்டிடலாம்." இன்னொரு வீட்டிலிருந்து கடலை மாவு வந்தது, வாழைக்காய் வந்தது. பஜ்ஜி தயாராயிற்று.

சுபா நேர்மையான பெண். "அக்கா... நாங்க உண்மையில உங்களை..." என்று கன்னியம்மாவிடம் ஆரம்பித்தாள். இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினேன். வாயை மூடிக்கொண்டாள். வந்தவர்களிடம் நீங்கள் ஏன் வந்தீர்கள் என்று விளக்குவதெல்லாம் ஒரு நேர்மையா?

இதற்குள் மோனிஷா பெட்ரூம் கதவை உடைக்காத குறையாகத் தட்டிக்கொண்டிருந்தாள். கதவு கொஞ்சமாகத் திறந்தது.

"ஏய், நீ ஏன் கீழ ஆட வரமாட்டேன்ற? திமிரா?"

"நீங்க என்னைக் கூப்பிடலையே."

"ஆட்டத்துக்குக்கூடவா கூப்புடுவாங்க? கால் கீதில்ல? எறங்கி வரவேண்டிதானே!"

இனியா கதவை முழுசாகத் திறந்தாள். "உங்களுக்கு என்னைப் பிடிக்கலைன்னு நெனச்சேன்" என்றாள்.

"நாங்க உனக்குத்தான் எங்கள புடிக்கலன்னு நென்ச்சோம். சரி வா, கேக்க வெட்டு. பசிக்குது."

வெட்டினாள். ஆளுக்கு ஒரு விரல்கடை கேக், மேலே ஒரு கரண்டி கேசரி. யாரும் குறை சொல்லவில்லை. ஆறரைக்கு முடிய வேண்டிய விழா ஒன்பது வரை போயிற்று. யாரோ ஸ்பீக்கர் கொண்டுவந்தார்கள். சங்கரலிங்கம் சார் ஆடினார்! சத்தம் கொரட்டூர் வரை கேட்டிருக்கும். ஆனால் புகார் கொடுக்க ஆளில்லை. கொடுக்க வேண்டியவர்கள் எல்லாரும் உள்ளேதான் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

எல்லாரும் போனபிறகு சுபா பாத்திரம் தேய்த்துக்கொண்டே ஒரு கதை சொன்னாள். ஜெர்மனி போன முதல் வருஷம், பொங்கலன்று சர்க்கரைப் பொங்கலை ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு எதிர் வீட்டு மணியை அடித்தாளாம். அந்த அம்மாள் பதறிப்போய்க் கதவைத் திறந்து, "என்ன ஆச்சு? ஆம்புலன்ஸ் கூப்பிடவா?" என்றாராம்! சொல்லாமல் கொள்ளாமல் ஒருத்தி வந்து நின்றால் ஆபத்தாகத்தானே இருக்கும்? அதே அம்மாள் பத்து நாள் முன்னதாகக் கேட்டுவிட்டு, ஒரு சனிக்கிழமை கிண்ணம் நிறையக் கேக்கோடு வந்தாராம். இவர்கள் கிளம்பும்போது கட்டிப்பிடித்து அழுததும் அவர்தான். "தங்கமான மனுஷங்க அண்ணி. தேதிதான் வேணும் அவங்களுக்கு" என்றாள்.

அங்கே கதவைத் தட்டாமல் இருப்பது மரியாதை. இங்கே தட்டாமல் போனால் மனஸ்தாபம். எது சரி என்று என்னைக் கேட்காதீர்கள். மதியம் கண்ணசரும்போது மூணாவது தடவை மணியடித்தால், நானும் ஜெர்மன்காரிதான். ஆனால் அந்தச் சாயங்காலம் மட்டும், நாலு பேர் தப்பாகப் புரிந்துகொள்வதுகூடச் சில சமயம் நல்லதுக்குத்தான் என்று தோன்றியது.

திங்கட்கிழமை காலை. காபி கொடுக்கிற சாக்கில் நானும் மேலே போய் நின்றுகொண்டேன். இனியா ஸ்கூலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். குமரன் அவள் முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்தான்.

"குட்டி, அப்பா இன்னிக்கு ஆபீஸ்ல சொல்லியாகணும். ஜெர்மனிக்குத் திரும்பப் போயிடலாமா?"

சுபா அடுப்பை அணைத்துவிட்டாள்.

ஷூ லேஸிலிருந்து இனியா தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"சாயங்காலம் திருடன் போலீஸ்ல நான்தான் போலீஸ்ப்பா. ஆபீஸ்ல வேற யாரையாவது போகச் சொல்லுங்க."