சந்தனம் வைத்த லேப்டாப்

இதைக் கதை என்று நினைத்துப் படித்தால் அது உங்கள் சௌகரியம். எனக்கு நடந்தது. போன வருடம், விஜயதசமி அன்று, புனேயில். 

நான் பி.எஸ்சி. இயற்பியல். விஷ்ராந்த்வாடியில் கிருஷ்ணப்ரியா என்ற கோயம்புத்தூர்ப் பெண்ணோடு ஒரு வீட்டில் தங்கியிருந்தேன். ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் முடியப்போகிற சமயம். அன்று மாலை ஏழு மணிக்கு, வீட்டிலிருந்தே வீடியோ காலில், அமெரிக்க கிளையண்டுக்கு நான் டெமோ காட்ட வேண்டும். நன்றாக அமைந்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். அங்கே மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார்கள்.

முதல் நாள் சரஸ்வதி பூஜை. கிருஷ்ணப்ரியா எங்கள் புத்தகங்களோடு என் ஆபீஸ் லேப்டாப்பையும் அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்துவிட்டாள். "ஒரு நாளைக்கு அதுக்கும் லீவு விடு புள்ள. நாளைக்குத்தான் தொடோணும்" என்றாள். அணைக்காமலே மூடி வைத்துவிட்டோம். மறுநாள் மாலை அவள் மகர்பட்டாவில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கிளம்பிய பிறகுதான் எடுத்தேன். மணி 5.40. பேட்டரி சுத்தமாகக் காலி.

சார்ஜரைச் செருகினேன். விளக்கு எரியவில்லை. வேறு பிளக்கில் போட்டேன். கிருஷ்ணப்ரியாவின் சார்ஜரைப் போட்டேன். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தேன். முழுக்க இறங்கிய பேட்டரி கொஞ்சம் தாமதமாகத்தான் ஏறும் என்று காத்திருந்தும் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

அப்புறம்தான் கவனித்தேன். சார்ஜர் செருகும் ஓட்டையில் சந்தனம் வழிந்து காய்ந்திருந்தது. அதுதான் அடைத்திருக்கிறது. ஊசி விட்டால் ஷார்ட் ஆகும். பல்குத்தும் குச்சியை எடுத்தேன்.

முதலில் மஞ்சளாகப் பொடி உதிர்ந்தது. அடுத்து ஒரு முடி.

இழுத்தேன். வந்துகொண்டே இருந்தது. ஒரு முழத்துக்கு மேல். நேராக, கருப்பாக. என் முடி காதோடு நின்றுவிடும். கிருஷ்ணப்ரியாவுக்குச் சுருட்டை.

அது ஈரமாக இருந்தது. தண்ணீர் ஈரம் இல்லை. கொழகொழவென்று... விரலில் ஒட்டியது. பல் தேய்க்காத வாயின் நாற்றம்.

பின்னாலேயே ஒரு கொத்து வந்தது. எச்சிலில் ஊறி, கொட்டைப்பாக்கு அளவில். நடுவில் பாதி மென்ற சோற்றுப் பருக்கைகள். அத்தனை சிறிய ஓட்டைக்குள்ளிருந்து.

ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். நாற்றம் போகவில்லை. திரும்பி வந்தேன். மணி 6.25.

லேப்டாப்பின் ஓரத்தில் விளக்கு எரிந்தது.

சார்ஜர் தரையில் கிடந்தது.

மச்... மச்... மச்...

மெல்லும் சத்தம். ஓட்டைக்கு உள்ளிருந்து.

லேப்டாப்பைக் குப்பைப் பையில் போட்டுக் கட்டினேன். பால்கனியில் வைத்துக் கதவைத் தாழிட்டேன். கீழே ஓடி, வாட்ச்மேன் அறை வாசலில் உட்கார்ந்தேன். என் டீம் லீட் ராம்பிரசாத் சாரிடம் சொல்ல வேண்டும். என்னவென்று சொல்வது? சாதாரணமாகவே அவரிடம் எனக்குப் பேச்சு வராது. போனை அணைத்துவிட்டேன். ஏழு மணி தாண்டியது. வேலை போயிற்று என்று தெரிந்தது. அப்போதும் மேலே போகவில்லை.

கிருஷ்ணப்ரியா வந்த பிறகு அவளோடுதான் போனேன். பை கட்டியபடியே இருந்தது.

மறுநாள் ஆபீஸில் லேப்டாப்புகளைப் பழுது பார்க்கும் ராகவேந்திரா அதைத் திறந்தார். உள்ளே முடி எதுவும் இல்லை. சார்ஜ் ஏறும் பகுதி கருகியிருந்தது. பேட்டரியில் சொட்டு உயிர் இல்லை, நேற்று இது ஒரு நொடிகூட ஓடியிருக்காது என்று இந்தியில் சொன்னார்.

ராம்பிரசாத் சார் கூப்பிட்டார். மன்னிப்புக் கேட்க வாய் திறப்பதற்குள் அவரே பேசினார்.

"டெமோ ரொம்ப நல்லாப் பண்ணிட்டேம்மா. கிளையண்டுக்குத் திருப்தி. உன்னை கன்ஃபர்ம் பண்ணச் சொல்லிட்டேன்."

 அவர் குரலைத் தாழ்த்தினார். முகம் சுளித்திருந்தது.

"ஒண்ணே ஒண்ணு. கேமரா ஆன்ல இருக்கறப்போ முடியை வாயில போட்டு மெல்லாதே. சவுரியா அது? ஒரு மணி நேரமும் அதையே மென்னுக்கிட்டு... பார்க்கவே முடியலை."

சரி சார் என்றேன்.