முப்பத்தைந்து சதவீதம்

எர்ணாவூர் குடியிருப்பில் எனக்கும் அவளுக்கும் ஒரே தெரு. இருவருக்கும் சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பியது. இருவருக்கும் தையல்தான் பிழைப்பு. அரசு ஆஸ்பத்திரிக்குத் தலையணை உறை தைக்கும் ஆர்டர் அவள் நடத்தும் மாற்றுத்திறனாளிப் பெண்கள் குழுவுக்குப் போனது. எனக்கு இல்லை. மறைப்பானேன், வயிறு எரிந்தது.

அவளுடையதைவிட என் தையல் சுத்தம். ஆனால் மாற்றுத்திறனாளிகள் தைத்ததைத்தான் அரசாங்கம் முன்னுரிமை கொடுத்து வாங்கும்; அதற்கு நாற்பது சதவீத ஊனம் என்று சான்றிதழ் வேண்டும். அவளுக்கு அறுபது. எனக்கு முப்பத்தைந்து.

அது நானே தேடிக்கொண்ட முப்பத்தைந்து. பெண் பார்க்க வருகிறவர்களுக்குத் தெரியக்கூடாது என்று பதினேழு வயதில் அம்மா என்னை நடந்து பழக்கினாள். இடுப்பை இறுக்கி, பாதத்தை மெதுவாக ஊன்றி, தாவணி ஆடாமல் நடக்க வேண்டும். கல்யாணம் ஆகியும் பழக்கம் போகவில்லை. திருவொற்றியூரில் நடந்த சான்றிதழ் முகாமில் டாக்டர் "நடந்து காட்டும்மா" என்றதும், நல்ல புடவை கட்டிக்கொண்டு போயிருந்த நான் மாப்பிள்ளை வீட்டார் முன்னால் நடப்பதுபோல நடந்து காட்டினேன். "நல்லாத்தானே நடக்கறீங்க" என்று சொல்லிக்கொண்டே முப்பத்தைந்து என்று எழுதிவிட்டார். எனக்கு அடுத்துப் போன அவள், தொடையில் கையை ஊன்றி, எப்போதும்போல விந்தி விந்தி நடந்தாள்.

அதன்பிறகு அவள் தெருவில் போனால் என் கண் அவள் காலுக்குத்தான் போகும். என் காலும் இன்னும் கொஞ்சம் சூம்பியிருக்கக் கூடாதா என்று நினைத்திருக்கிறேன். அம்மா கேட்டிருந்தால் செருப்பால் அடித்திருப்பாள்.

ஆர்டர் பெருகியதும் அவளே வீடு தேடி வந்தாள்.

"அக்கா, எட்டு பேரு இருந்தும் கை பத்தல. உன் தையலு நீட்டா கீதே, வந்து தெச்சிக் குடேன். வெளியாளு ஒண்ணு ரெண்டு வச்சிக்கலாமாம்."

வெளியாள்! சுருக்கென்றது. ஆனாலும் போனேன், வேறு வேலை இல்லையே. அங்கே எல்லோருக்கும் மோட்டார் மெஷின். வீட்டில் நான் ஒற்றைக் காலால் மிதித்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் சரிபார்க்க வந்த அதிகாரி, ஒவ்வொருவரின் சான்றிதழையும் ஆளையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு என் மெஷின் அருகே நின்றார். "இவங்களுக்கு என்ன?"

நல்லது செய்வதாக நினைத்து அவள் முந்திக்கொண்டாள். "அவங்களுக்கு ஒண்ணும் இல்ல சார். நல்லா கீறாங்க."

யாராவது இப்படிச் சொல்ல மாட்டார்களா என்று முப்பது வருடம் ஏங்கியவள் நான். அன்று என் சூம்பிய காலைத் தூக்கி அவர் முன்னால் மேஜைமேல் வைத்துவிடலாம் போலிருந்தது.